காலையில் என்ன கொடுத்தீர்கள்

786

ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்
25.7.1958

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

திங்கட்கிழமை ஜெய்தூனின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்திருக்கும். நான் வரவில்லை என்று நினைத்திருப்பாய். காலை ரயிலில் திண்டுக்கல் வந்தேன். பேகம்பூர் வரைக்கும் நடந்து வந்து, உன் தெருமுனையில் செத்த நேரம் நின்றேன். உள்ளே ஓதுகிற சத்தம் கேட்டது. அதற்கு மேல் கால் வரவில்லை. திரும்பிவிட்டேன்.

அடக்கம் செய்த அன்று மச்சான் என் கையைப் பிடித்துத் தள்ளி, "நீ மண்ணு போடாத" என்றார். உனக்கு யாராவது வந்து சொல்லியிருப்பார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

பிள்ளைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றுதான் நீ சொன்னாய். வருஷத்துக்கு ஆறு தரம் தொண்டை வீங்கிக் காய்ச்சலில் கிடக்கிறாளே, டான்சிலை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று வற்புறுத்தியவன் நான். "வேற யாரும் வேணாம், நானே மயக்கம் குடுக்கிறேன், அவ தூங்கி முழிக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும்" என்று வாக்குக் கொடுத்ததும் நான்தான். அவள் முழிக்கவில்லை.

மூன்று டாக்டர்கள் உட்கார்ந்து விசாரித்தார்கள். ஈதர் மயக்கத்தில் இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன். அளவில் பிழை இல்லை என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அவர்கள் முடித்ததால் எனக்கு ஒன்றும் முடியவில்லை.

திட்டியாவது ஒரு வரி எழுது.

உன் தம்பி,
சௌகத் அலி

திண்டுக்கல்
9.8.1958

தம்பி சௌகத்துக்கு,

வ அலைக்கும் ஸலாம். சொன்ன ஸலாமுக்குப் பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது என்பதற்காக இந்தக் கார்டு.

நீ தெருமுனையில் நின்றதைக் குழாயடியில் இருந்த பெண்கள் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். இனிமேல் வராதே. உன் பெயரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று உன் மச்சான் சொல்லியிருக்கிறார். தோல் மண்டிக்குப் போகிறார், வருகிறார், சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைக்கிறார். என்னோடும் பேச்சில்லை.

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. உனக்கு எழுத என்னிடம் வேறு எதுவும் இல்லை.

காதர் பீவி

786

ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்
3.11.1959

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அந்தக் கார்டுக்குப் பிறகு இது ஐந்தாவது கடிதம். எதற்கும் பதில் இல்லை. படிக்கிறாயா, அடுப்பில் போடுகிறாயா என்றும் தெரியவில்லை.

இங்கே ஒரு மாற்றம் வந்திருக்கிறது. போன மாதம் 'மயக்க மருந்துப் பிரிவு' என்று ஒரு கதவில் பலகை மாட்டினார்கள். இத்தனை நாளும் மயக்கம் கொடுப்பது இந்த ஆஸ்பத்திரியில் யாருடைய வேலையாகவும் இருந்ததில்லை. ஆபரேஷன் செய்கிறவர் யாரைக் கைகாட்டுகிறாரோ அவர் கொடுக்க வேண்டும். ஒரு நாள் படிப்பு முடித்த பையன், ஒரு நாள் கம்பவுண்டர். முகத்தில் கம்பி வலையை வைத்து, அதன் மேல் துணி போட்டு, ஈதரைச் சொட்டுச் சொட்டாக விடுவது. அவ்வளவுதான் வித்தை என்று எல்லோரும் நினைத்தார்கள். இப்போது மெட்ராஸிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருக்கிறார். அவரையும் சேர்த்து நாங்கள் நான்கு பேர். சிலிண்டர் வைத்த மயக்க மெஷின் இரண்டு வந்திருக்கிறது. மயக்கம் தெளிகிற வரை நோயாளியைக் கிடத்திப் பார்த்துக்கொள்ள ஆறு கட்டில் போட்ட ஒரு அறையும் ஒரு நர்ஸும் கொடுத்திருக்கிறார்கள். மாணவர்களுக்கு வாரம் இரண்டு வகுப்பு.

கண் பிரிவுக்கு மாற்றிவிடுங்கள் என்று நான் எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவன் இங்க இருக்கிறதுதான் நல்லது. நீ கவனமா இருப்ப" என்றார்.

அவர் ஒரு பதிவேடு ஆரம்பித்திருக்கிறார். ஆபரேஷன் மேஜையில் இறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். மாதம் ஒருமுறை அதைத் திறந்து, ஏன் இறந்தார்கள் என்று மாணவர்கள் முன்னால் பேசுவோம். பழைய கேஸ்களையும் சேர்க்கச் சொன்னார். முதல் பக்கத்தில் ஜெய்தூன் இருக்கிறாள்.

சௌகத் அலி

திண்டுக்கல்
20.2.1960

தம்பி சௌகத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எந்தக் கடிதத்தையும் அடுப்பில் போடவில்லை. அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன்.

நத்தத்துப் பெண் வீட்டார் உனக்குப் பெண் தர மறுத்துவிட்டதாக நேற்றுத்தான் கேள்விப்பட்டேன். "சொந்த அக்கா புள்ளையைக் கொன்னவனுக்கா குடுக்கப் போறீக" என்று இங்கிருந்து யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். நோன்பு வர இன்னும் எட்டு நாள் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு நோன்பு என்னால் பிடிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படி.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் வார்டுக்கு வந்து ஜெய்தூன் கட்டிலில் உட்கார்ந்தாய். "நாளைக்கு ஒரு நோன்பு புடிக்கணும்டா தங்கம். மாமா வந்து தொறந்து வைக்கிறேன், ஐஸ் வாங்கித் தாரேன்" என்றாய். அந்த ரமலானில்தான் அவள் முதல்முதலாக மூன்று நோன்பு பிடித்திருந்தாள். பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினாள்.

நீ போன பிறகு என்னிடம், "அம்மா, நோன்புன்னா சஹர் சாப்பாடு உண்டுல்ல?" என்று கேட்டாள். நானும் யோசிக்கவில்லை. "உண்டும்மா" என்றேன். விடிவதற்கு முன்னால் எழுப்பி, தூக்குவாளியில் இருந்த தயிர்ச்சோற்றைப் பிசைந்து ஊட்டினேன். நல்லாச் சாப்பிட்டாள். நோன்புக்குரிய நிய்யத்தும் சொல்லிவிட்டுப் படுத்தாள். பாங்கு சொன்ன பிறகு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. தாகமா இருக்கு என்றபோதும் கொடுக்கவில்லை.

ஆபரேஷன் அறை வாசலில் நீ என்னைப் பார்த்து, "ஒண்ணும் குடுக்கலேல்லக்கா?" என்று கேட்டாய். இல்லை என்று தலையாட்டினேன். விடிந்த பிறகு கொடுக்கவில்லை என்பதுதான் என் மனதில் இருந்தது. கதவு மூடிய பிறகு, ஒருவேளை சஹரும் கூடாதோ என்று தோன்றியது. தட்டிக் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ கோபிப்பாய், இன்னொரு நாள் வா என்பார்கள், உன் மச்சான் மண்டியைப் போட்டுவிட்டு வந்து நிற்கிறார் என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

உன்னை மண் போட விடவில்லை என்று வந்து சொன்னபோதும் நான் வாயைத் திறக்கவில்லை.

காதர் பீவி

ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்
26.2.1960

அக்கா,

வ அலைக்கும் ஸலாம். எனக்குத் தெரியும்.

அவள் மயங்கிக்கொண்டிருந்தபோது குமட்டினாள். முகம் நீலமானது. விளக்கை வைத்துத் தொண்டையைப் பார்த்தேன், சோறு இருந்தது. மூச்சுக் குழாய்க்குள்ளும் இறங்கியிருந்தது. என்னால் எடுக்க முடிந்ததை எடுத்தேன். போதவில்லை. மற்றவர்கள் ஓடி வருவதற்குள் அவள் முகத்தையும் துணியையும் துடைத்துவிட்டேன்.

உள்ளதை எழுதினால் 'தாய் உணவு கொடுத்திருந்தாள்' என்பதுதான் முதல் வரியாக வரும். அதை மச்சான் படித்தால் அந்த வீட்டில் நீ எப்படி இருப்பாய் என்று நினைத்தேன். இதயம் நின்றது என்று எழுதினேன். அதுவும் பொய் இல்லை. கடைசியில் எல்லோருக்கும் இதயம்தானே நிற்கிறது.

உன்னிடம் மறைக்க இனி என்ன இருக்கிறது? இந்த இரண்டு வருஷமும் உன் மேல் எனக்குக் கோபம் இருந்தது. கேட்டேனே, பொய்யாகத் தலையாட்டினாளே என்ற கோபம். கடிதத்துக்குக் கடிதம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே உள்ளுக்குள் உன்னைத்தான் குற்றம் சொன்னேன். நோன்பு என்ற வார்த்தையைச் சொன்னது நான் என்பது, நீ எழுதுகிற வரைக்கும் என் நினைவிலேயே இல்லை. குழந்தைக்குப் புரிய வேண்டும் என்று சொன்னேன். குழந்தைக்குச் சரியாகத்தான் புரிந்திருக்கிறது.

மச்சானிடம் எதுவும் சொல்லாதே. என் மேல் இருக்கிற பழி என் மேலேயே இருக்கட்டும். பழகிவிட்டது.

சௌகத்

திண்டுக்கல்
10.4.1960

தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சொல்லிவிட்டேன். பெருநாளுக்கு மறுநாள், அவர் சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். "அவன மண்ணு போட விடாமப் பண்ணிட்டேனே" என்று மட்டும் சொன்னார். அதையே கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னார். மூன்றாம் நாள், வாணியம்பாடியில் தோல் வியாபாரம் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு ரயில் ஏறினார். போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு கார்டு வந்தது. எப்போது வருவேன் என்று அதில் இல்லை.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். எனக்காகத்தான் மறைத்தேன் என்கிறாய். நான் கேட்டேனா? அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் மூன்று பேரும் சேர்ந்து அழுதிருப்போம். அவர் என்னைத் திட்டியிருப்பார், உன்னைத் திட்டியிருப்பார், பிறகு எப்படியாவது ஒரு வாய் சோறு தின்றிருப்போம். நீ துடைத்துப் போட்டதில் நான் இரண்டு வருஷம் தனியாகக் கிடந்தேன். நீயும் கிடந்தாய்.

ஒன்று கேட்கிறேன். அந்தப் பதிவேட்டில் என் பிள்ளையின் பக்கத்தில் இன்னமும் பொய்தானே இருக்கிறது? டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு அதைத்தானே வாசித்துக் காட்டுகிறீர்கள்? அதைத் திருத்து. அவளைப் பற்றி அங்கே இருப்பது அந்த ஒரு பக்கம்தான். அதாவது நிஜமாக இருக்கட்டும்.

காதர் பீவி

ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்
18.9.1961

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ திருத்தச் சொல்லி ஒன்றரை வருஷம் ஆகப் போகிறது. நான் திருத்தவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறு காரணம் இல்லை. இந்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அதன் பலனை இப்போது எழுதுகிறேன்.

போன வாரம் அகரத்திலிருந்து ஒரு பையனைக் கொண்டு வந்தார்கள். பெயர் முத்துச்சாமி, ஆறு வயது. குடல் இறக்கத்துக்கு ஆபரேஷன். தகப்பன் ராமர் கத்தரித் தோட்டத்தில் வேலை செய்கிறவர். தாய் பெயர் மூக்காயி. மயக்கம் கொடுத்தது நான் இல்லை, எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஞானதாஸ் என்ற டாக்டர். நல்ல பையன். ஜெய்தூனுக்கு நடந்ததேதான் நடந்தது. தாய் காலையில் கேப்பைக் கூழ் கரைத்துக் கொடுத்திருக்கிறாள்.

ஞானதாஸ் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டான். நேற்றுக் கூட்டம். பேராசிரியர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி இதுக்கு முன்னாடி இங்க ஒரு கேஸ்கூட நடக்கலை. உனக்கு மட்டும் எப்படி நடந்தது?" என்று அவனைக் கேட்டார். அவன் எழுந்து நின்றான். நாற்பது மாணவர்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் எழுந்தேன். "நடந்திருக்கு சார், முதல் பக்கம்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். நோன்பு என்று நான் சொன்னதையும், துடைத்ததையும் சொன்னேன். பேராசிரியர் பேனாவை என் பக்கம் நீட்டினார். அங்கேயே நின்று ஜெய்தூனின் பக்கத்தில் எழுதினேன். எழுதி முடித்த பிறகு, "இது அன்னைக்கே இங்க இருந்திருந்தா, சௌகத், ஒவ்வொரு தாய்கிட்டயும் ரெண்டு தரம் கேட்டிருப்போம்" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. ஆறு மாதம் மேஜைப் பக்கம் போகக் கூடாது, மயக்கம் தெளிகிற அறையையும் வார்டையும் மட்டும் பார் என்று உத்தரவு.

அக்கா, எனக்காகப் பரிதாபப்படாதே. அந்தத் தாயிடம் வார்டில் யாரோ, "நீ கூழு குடுத்ததுனாலதான் செத்தான்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் பிள்ளையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறியதைப் பார்த்தேன். அருகில் போக எனக்குத் தைரியம் இல்லை. அகரம் உனக்குப் பக்கம்தான். அதை வைத்து உன்னிடம் எதுவும் கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

சௌகத்

திண்டுக்கல்
5.10.1961

தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் வந்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பையனுக்காகத்தான், உனக்காக இல்லை. நான் சொன்ன அன்றைக்கே நீ திருத்தியிருக்க வேண்டும். அதை எழுதாமல் மேலே எழுத முடியாது.

மூன்றாம் நாள் தாடிக்கொம்பு பஸ்ஸில் ஏறி, இறங்கி, அகரத்துக்கு நடந்து போனேன். ராமர் வீடு எது என்று கேட்டதும் காட்டினார்கள். மூக்காயி வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு முன்பின் தெரியாத ஒருத்தி வந்து நிற்கவும், "யாரு?" என்றாள்.

"எம் புள்ளையும் அதே ஆஸ்பத்திரியிலதான் போச்சு. நானும் சோறு குடுத்துட்டேன்" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். நகர்ந்து இடம் விட்டாள். அப்புறம் அவளாகவே, "நான் சோறு குடுக்கலக்கா. 'வெறும் வயித்தோடதான இருக்கான்'னு கேட்டாக. ஆமான்னேன். சோறு குடுக்கலையே, கூழுதான குடுத்தேன். தண்ணி மாதிரித்தான் கரைச்சுக் குடுத்தேன். பசிக்குது பசிக்குதுன்னு அழுதான்" என்றாள்.

"அதக் கேட்டவுககிட்டச் சொன்னியா?"

"எங்க சொல்ல? அவுக கேக்கும்போதே நடந்துக்கிட்டே இருந்தாக. வெள்ளைக் கோட்டு போட்டவுக, பெரிய படிப்புப் படிச்சவுக. இல்லைன்னு சொன்னா வைவாகளோன்னு இருந்துச்சு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் இருந்தேன். நான் சொன்னது அவளுக்கு ஆறுதலா இல்லையா, தெரியவில்லை. கிளம்பும்போது அரை முந்தானைக் கத்தரிக்காய் கட்டிக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

பஸ்ஸில் வரும்போது ஒன்று பிடிபட்டது. நீ என்னிடம், "ஒண்ணும் குடுக்கலேல்ல?" என்று கேட்டாய். அவளிடம், "வெறும் வயித்தோடதான இருக்கான்?" என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டுமே நாங்கள் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்துகொண்டு கேட்ட கேள்வி. தலையை ஆட்டுவதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இல்லை. அன்றைக்கு நீ, "காலையில புள்ளைக்கு என்னக்கா குடுத்தே?" என்று கேட்டிருந்தால், தயிர்ச்சோறு என்று சொல்லியிருப்பேன். யோசிக்காமல் சொல்லியிருப்பேன்.

அதனால் இப்படிக் கேட்கச் சொல். நின்று கேட்க வேண்டும், நடந்துகொண்டே கேட்கக் கூடாது. "விடியறதுக்கு முன்னாடி என்ன குடுத்தீக, விடிஞ்ச பெறகு என்ன குடுத்தீக, பாலா, கூழா, காப்பியா, வெத்தலைச் சாறா?" எது கொடுத்திருந்தாலும் தப்பில்லை, இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குச் செய்துகொள்ளலாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பயம் போனால்தான் உண்மை வரும். பட்டினி என்று சொல்லாதே, நோன்பு என்றும் சொல்லாதே. "ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் வாயில ஒண்ணும் படக் கூடாது, பட்டா உசுருக்கு ஆபத்து" என்று காரணத்தோடு சொல். காரணம் தெரிந்தால் எந்தத் தாயும் கொடுக்க மாட்டாள்.

உன் அக்கா

ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்
14.2.1962

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு நாளில் உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ எழுதியதை அப்படியே ஒரு தாளில் எடுத்து எழுதிப் பேராசிரியரிடம் கொடுத்தேன். யார் எழுதியது என்று கேட்டார். முதல் பக்கத்துப் பிள்ளையின் தாய் என்றேன். இரண்டு முறை படித்துவிட்டு ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம் என்றார். வெற்றிலைச் சாறு உட்பட அப்படியே வார்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது. மாணவர்கள் மயக்க மெஷினைத் தொடுவதற்கு முன்னால் அதை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். சில பையன்கள் 'குடுத்தீக' என்று சொல்ல வெட்கப்படுகிறார்கள். ஞானதாஸ் விடுவதில்லை.

நேற்றுக் காலை வார்டில் நான்தான் கேட்டேன். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், நாலு வயதுப் பெண் குழந்தை, காலில் ஆபரேஷன். "ஒண்ணும் இல்லீங்க" என்றாள். நின்றுகொண்டே, நீ எழுதிய மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டேன். கூழா என்றதற்கு இல்லை என்றாள். காப்பியா என்றதற்கும் இல்லை. தப்பில்லை, நாளைக்குச் செய்துகொள்ளலாம் என்று மறுபடி சொன்னேன். கீழே பார்த்துக்கொண்டு, "ரெண்டு இட்லி குடுத்தேன். சின்ன இட்லிதான்" என்றாள்.

ஆபரேஷனைத் தள்ளி வைத்தோம். சர்ஜன் சத்தம் போட்டார், போடட்டும். இன்று காலை செய்தார்கள். குழந்தை மயக்கம் தெளிகிற அறையில் கண் விழித்து முதலில் என்னைப் பார்த்து அழுதது. அப்புறம் தாயைப் பார்த்து அழுதது. நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன். சந்தோஷம்தான் அக்கா. ஆனால் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு அங்கே நிற்க முடியவில்லை.

உன் தம்பி,
சௌகத்

திண்டுக்கல்
2.3.1962

தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் மச்சான் வந்துவிட்டார். நோன்புக்கு நாலு நாள் முந்தி வந்தார். இளைத்துப் போயிருக்கிறார், தாடி முழுக்க நரைத்துவிட்டது. இங்கேயே மண்டி வேலையைப் பார்க்கப் போகிறாராம். பேச்சு இன்னமும் குறைவுதான்.

உன் கடிதம் வந்தபோது நான் கொல்லையில் இருந்தேன். தபால்காரரிடம் அவரே வாங்கியிருக்கிறார். தூக்கி எறிந்துவிடுவார் என்று ஓடி வந்தேன். பிரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்து மறுபடியும் மேலே இருந்து படித்தார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்த இட்லி தின்ன புள்ளை பேரு என்னவாம்?" என்று கேட்டார்.

"எழுதலையே" என்றேன்.

தாளை மடித்து என் கையில் கொடுத்தார். "கேட்டு எழுதச் சொல்லு அவனை" என்றார். துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு தொழுகைக்குப் போய்விட்டார்.

மண் போட விடாததைச் சொன்ன அந்த நாளுக்குப் பிறகு இந்த வீட்டில் அவர் உன்னைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு இதுதான். வேறு எதுவும் நான் கேட்கவில்லை, கேட்டால் கலைந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. உன்னை வரச் சொல்லவும் எனக்கு இன்னும் வாய் வரவில்லை. இப்போதைக்கு அந்தப் பிள்ளையின் பெயரை மட்டும் எழுது. கவரில் அவர் பெயரைப் போட்டு, அவருக்கே எழுது.

உன் அக்கா,
காதர் பீவி